பூட்டில்லாத கோப்புகள்: வேதியியல் ஆய்வுக்குத் திறந்த மென்பொருள்

திருப்பதி, சித்தூர்ப் பக்கம் வேதியியல் படிக்கிறவர்கள் எம்.எஸ்சி. புராஜெக்ட் தொடங்கும்போதும், பிஎச்.டி.க்குப் பதிவு செய்த கையோடும் கேட்கும் முதல் கேள்வி, "இந்த சாஃப்ட்வேர் ஃப்ரீயாக எங்கே கிடைக்கும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. கையில் இருப்பது 8 ஜிபி லேப்டாப். உதவித்தொகை எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. ஆனாலும் அந்தக் கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கப் பழகுங்கள்: "இதில் நான் செய்யும் வேலையை ஐந்து வருடம் கழித்து நானோ, லேபில் எனக்கு அடுத்து வருகிறவரோ திறந்து சரிபார்க்க முடியுமா?" முடியும் என்றால் அந்தக் கருவியைத் தைரியமாக எடுங்கள். முடியாது என்றால் அது எவ்வளவு அழகாகப் படம் போட்டாலும் ஒருமுறை யோசியுங்கள்.

நம் பகுதியில் வேதியியல் ஆய்வு பல படிகளில் நடக்கிறது. திருப்பதியில் 1954-இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது. 1983-இல் தொடங்கிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2015-இல் ஐஐடியும் ஐசரும் வந்தன. சித்தூரில் அரசுக் கல்லூரியும் பொறியியல் கல்லூரிகளும், குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகமும் உண்டு. மத்திய நிறுவனங்களில் கணினித் தொகுப்பும் விலை கொடுத்த உரிமமும் கிடைப்பது எளிது. நகரியிலிருந்தோ பலமனேரியிலிருந்தோ பஸ் ஏறி வரும் கல்லூரி மாணவிக்கு அது கிடைக்காது. திறந்த மென்பொருள் இந்த இருவர் கையிலும் ஒரே நிரலை, ஒரே பதிப்பை, எந்தக் குறைப்பும் இல்லாமல் கொடுக்கிறது. அதனால்தான் இதை நான் பணம் மிச்சப்படுத்தும் வழியாக மட்டும் பார்ப்பதில்லை. யார் ஆய்வு செய்யலாம் என்பதையே இது தீர்மானிக்கிறது.

இலவசம் வேறு, திறந்தது வேறு

முதலில் வகை பிரித்துக்கொள்ளுங்கள். இதில் குழம்பினால் பிறகு பேப்பர் எழுதும்போது சிக்கல் வரும்.

ஒன்று, உண்மையிலேயே திறந்த மூலம். நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், நண்பருக்குக் கொடுக்கலாம், நாளை ஹைதராபாத்தில் மருந்து கம்பெனியில் வேலைக்குப் போனாலும் அங்கேயும் பயன்படுத்தலாம். ஆர்டிகிட், ஓப்பன் பேபல், அவோகாட்ரோ, ஜேமால், ஆட்டோடாக் வினா, குரோமாக்ஸ், சை4, பைஎஸ்சிஎஃப், என்டபிள்யூகெம், குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ எல்லாம் இந்த வகை.

இரண்டு, கல்வியாளர்களுக்கு மட்டும் இலவசம். ஓர்கா இதற்கு நல்ல உதாரணம். அருமையான நிரல், கல்வி நிறுவன மின்னஞ்சலில் பதிவு செய்தால் கிடைக்கும். ஆனால் மூலநிரல் நமக்குக் கிடைக்காது, கம்பெனி வேலைக்குப் பயன்படுத்த வேறு உரிமம் வேண்டும். கேமஸ் நிரலும் பதிவு செய்து, நிபந்தனைகளை ஏற்றுத்தான் வாங்க வேண்டும். வாங்கியதை நாம் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது.

மூன்று, வலைக்கருவி. சுவிஸ்அட்மீ போல உலாவியில் திறந்து, மூலக்கூறைக் கொடுத்து, பதிலை வாங்கிக்கொள்வது. இலவசம்தான், ஆனால் கணக்கு நடப்பது வேறொருவர் கணினியில்.

நான்காவது, காசு கொடுத்து வாங்குவது: காஸியன், கெம்டிரா, ஷ்ரோடிங்கர். உங்கள் துறை வாங்கியிருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அவை நல்ல மென்பொருள்கள்.

ஐந்தாவதாக ஒன்று நம் ஹாஸ்டல்களில் பென்டிரைவில் சுற்றுகிறது. அதைத் தொடாதீர்கள். கிராக் வெர்ஷனோடு வைரஸ் வரலாம் என்பது சின்னக் கவலை. பெரிய கவலை வேறு. பேப்பரில் நீங்கள் பயன்படுத்திய நிரலின் பெயரையும் பதிப்பையும் எழுதியே ஆக வேண்டும். உங்கள் கல்லூரிக்கு உரிமம் இல்லை என்றால் அந்த ஒரு வரியே உங்களுக்கும் உங்கள் கைடுக்கும் எதிரான சாட்சி. பெயரை மறைத்து எழுதினால் அது ஆய்வு நேர்மையில் விழும் ஓட்டை. இரண்டுமே வேண்டாம், அதே வேலையை நேர்வழியில் செய்ய முடியும்போது.

ஒரு மூலக்கூறு, ஒரு கோடு

கருவிகளின் பட்டியலை மட்டும் கொடுத்தால் மனதில் நிற்காது. நம் ஊர் மூலக்கூறு ஒன்றை எடுத்து, அதைக் கடைசிவரை கொண்டுபோய்ப் பார்ப்போம்.

சேஷாசலம் மலையின் செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சிறு பரப்பில் மட்டும்தான். அழிவின் விளிம்பில் உள்ள மரம் என்பதால் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டிலும் இருக்கிறது. வைரக்கட்டையில் ஒரு துண்டு லேபுக்குக் கொண்டுவரவும் வனத்துறை அனுமதி வேண்டும். ஆனால் அதிலுள்ள டெரோஸ்டில்பீன் என்ற சேர்மத்தின் அமைப்பு உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. மரத்தைத் தொடாமல் அதைப் பற்றி நிறைய வேலை செய்யலாம்.

அமைப்பை எடுக்க இரண்டு இடங்கள். ஒன்று, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2004-இல் தொடங்கிய பப்கெம். இன்னொன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் கழகத்தில் அரிஜித் சமல் குழு உருவாக்கிய இம்பாட். 2018-இல் வெளிவந்த இந்தத் தரவுத்தளம் இந்திய மருத்துவத் தாவரங்களையும் அவற்றிலுள்ள வேதிப்பொருள்களையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறது. இரண்டாம் பதிப்பில் 4,010 தாவரங்கள், 17,967 சேர்மங்கள். எந்தச் சேர்மம் தாவரத்தின் எந்தப் பாகத்தில் சொல்லப்பட்டிருக்கிறது என்பதும் அதில் இருக்கும். அமைப்பைக் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். மூலிகை ஆய்வு செய்யும் ஒவ்வொருவரும் முதல் நாளே திறக்க வேண்டிய பக்கம் இது. அதில் சொல்லியிருக்கும் மூலக் கட்டுரையையும் தேடிப் படியுங்கள். தரவுத்தளத்தை மட்டும் மேற்கோள் காட்டி நிறுத்திவிடாதீர்கள்.

டெரோஸ்டில்பீன் சின்ன மூலக்கூறு. 16 கார்பன், 16 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன். மூலக்கூறு எடை 256.3. இரண்டு பென்சீன் வளையங்களுக்கு நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு. ஒரு வளையத்தில் இரண்டு மெத்தாக்ஸி, மற்றதில் ஒரு ஹைட்ராக்ஸி. அந்த இரட்டைப் பிணைப்பு டிரான்ஸ் வடிவில் இருக்கிறது. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.

மூலக்கூறை ஒரே வரியில் எழுத்தாக எழுதும் முறைக்கு ஸ்மைல்ஸ் என்று பெயர். அதில் டிரான்ஸ், சிஸ் என்பதைக் காட்டுவது இரட்டைப் பிணைப்புக்கு இருபுறமும் வரும் இரண்டு சாய்கோடுகள். பட்டியலில் இருந்து நகல் எடுக்கும்போது சாய்கோடு விடுபட்டுப்போனால் கணினி எந்தப் பிழையும் காட்டாது. வடிவம் குறிப்பிடப்படாத மூலக்கூறாக எடுத்துக்கொண்டு, தனக்குத் தோன்றிய முப்பரிமாண அமைப்பைக் கொடுத்துவிடும். நீங்கள் சிஸ் வடிவத்துக்குக் கணக்குப் போட்டு டிரான்ஸ் என்று எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

இதைப் பிடிக்க எளிய வழி இன்ச்சி-கீ. தனியுரிமை எதுவும் இல்லாத பொது அடையாளம் வேண்டும் என்று ஐயூபேக் அமைப்பு உருவாக்கிய முறையிலிருந்து வரும் 27 எழுத்துக் குறியீடு அது. முதல் 14 எழுத்துகள் அணுக்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்பதைச் சொல்லும். அடுத்த பகுதியில் வடிவவேறுபாடு வரும். பப்கெம் காட்டும் கீயையும் உங்கள் கோப்பிலிருந்து ஆர்டிகிட் தரும் கீயையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் பகுதி ஒத்துப்போய் இரண்டாவது மாறினால் சாய்கோடு எங்கோ போய்விட்டது என்று அர்த்தம். ஒரு நிமிட வேலை. ஒரு வருடக் கணக்கைக் காப்பாற்றும்.

வரைவதும் மாற்றுவதும்

படம் வரைய கெட்சர் போதும். உலாவியிலேயே ஓடும், மூலநிரல் திறந்தது. கணினியில் நிறுவிக்கொள்ள விரும்பினால் ஜேகெம்பெயின்ட் இருக்கிறது. முப்பரிமாணத்தில் கட்ட அவோகாட்ரோ. பல அமைப்புப் படங்கள் கொண்ட நீளமான வினைத் திட்டம் வரைவதில் கெம்டிரா இன்னும் கைக்கு லாவகமானது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஆய்வேட்டில் வரும் படங்களில் பெரும்பகுதிக்கு கெட்சரே தாங்கும். படத்தை எஸ்விஜி வடிவில் சேமியுங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது.

எதில் வரைந்தாலும் சரி, மூலக்கூறை மால் அல்லது எஸ்டிஎஃப் கோப்பாகவும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இது உங்களுக்கு நான் சொல்லும் மிக முக்கியமான ஆலோசனை. மென்பொருள் மாறும், உரிமம் தீரும், லேப் மாறும். வெறும் எழுத்தால் ஆன எஸ்டிஎஃப் கோப்பை நோட்பேடிலும் திறக்கலாம்.

ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஓப்பன் பேபல். நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்கள் அதற்குத் தெரியும். ஆனால் மாற்றிய கோப்பைத் திறந்து பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். சின்ன மூலக்கூறைப் பிடிபி வடிவில் சேமிப்பது நம்மிடையே உள்ள பொதுவான பழக்கம். அந்த வடிவம் புரதங்களுக்காக உருவானது. பிணைப்பு ஒற்றையா இரட்டையா என்பதை அது சரியாகச் சுமக்காது. திரும்ப எஸ்டிஎஃப்-க்கு மாற்றும்போது நிரல் ஊகித்துத்தான் போடும். டெரோஸ்டில்பீனில் அந்த இரட்டைப் பிணைப்பே போய்விட்டால் மூலக்கூறே வேறு.

இவற்றைக் கற்றுக்கொள்ள மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல் காணொளிகளைப் பாருங்கள். அவோகாட்ரோ, ஜேமால், ஜிகெம்பெயின்ட் போன்றவற்றுக்குப் பாடங்கள் உண்டு. ஒவ்வொன்றும் சில நிமிடம்தான். பல பாடங்களுக்கு இந்திய மொழிகளில் குரல் கொடுத்திருக்கிறார்கள். காணொளியை நிறுத்தி நிறுத்தி, பக்கத்தில் நிரலைத் திறந்து செய்து பார்ப்பதுதான் முறை.

லேப்டாப்பில் டிஎஃப்டி

"டிஎஃப்டி கணக்குப் போட சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டாமா?" என்று கேட்பார்கள். டெரோஸ்டில்பீனில் மொத்தமே 35 அணுக்கள். இந்த அளவு மூலக்கூறை நான்கு கோர் லேப்டாப்பில் தாராளமாகச் செய்யலாம்.

வரிசை இப்படி இருக்கட்டும். ஆர்டிகிட்டில் பல கான்ஃபர்மர்களை உருவாக்குங்கள். மெத்தாக்ஸிகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதே பல வடிவங்களைத் தரும். அவற்றை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் கிரிம்மே குழு உருவாக்கிய எக்ஸ்டிபி நிரலில் விட்டால் சில நொடிகளில் ஒவ்வொன்றையும் சீர்செய்து, ஆற்றல் வரிசையைக் கொடுக்கும். அதில் குறைந்த ஆற்றல் உள்ள சிலவற்றை மட்டும் சை4-இலோ ஓர்காவிலோ டிஎஃப்டி-க்குக் கொண்டுபோங்கள். நேரம் பல மடங்கு மிச்சம். ஆப்டிமைசேஷன் முடிந்ததும் ஃப்ரீக்வென்சி கணக்கைத் தவறாமல் போடுங்கள். ஓர் இமேஜினரி ஃப்ரீக்வென்சி வந்தாலும் அது மூலக்கூறின் நிலையான வடிவம் அல்ல. கற்றை கற்றையாக வந்த ஆய்வேடுகளில் இந்தச் சோதனை இல்லாமல் ஹோமோ, லூமோ படங்கள் மட்டும் வண்ணமாக இருக்கும். அப்படி எழுதாதீர்கள்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் சொல்லித் தருவதில்லை. பி3எல்ஒய்பி என்ற பெயரில் எல்லா நிரலும் ஒரே கணக்கைப் போடுவதில்லை. காஸியன் அதில் ஒரு பகுதிக்குப் பயன்படுத்தும் விடபிள்யூஎன் சூத்திரம் ஒன்று. ஓர்கா இயல்பாக எடுத்துக்கொள்வது வேறொன்று. அதனால் ஒரே மூலக்கூறுக்கு ஒரே பேசிஸ் செட்டில் இரண்டிலும் வேறு வேறு ஆற்றல் எண் வரும். காஸியனோடு ஒப்பிட வேண்டும் என்றால் ஓர்காவில் அதற்கென்று இருக்கும் தனிக் குறிச்சொல்லைப் பயன்படுத்த வேண்டும். பைஎஸ்சிஎஃப் நிரல் 2.3 பதிப்பில் தன் வழக்கத்தையே மாற்றிக்கொண்டது. சீனியர் பழைய பேப்பரில் எழுதிய எண்ணும் உங்கள் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று இரவெல்லாம் உட்காரும் முன் இதைப் பாருங்கள். நிரல் திறந்திருந்தால் எந்தச் சூத்திரம் ஓடுகிறது என்பதை நாமே போய்ப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். பதிப்பு எண்ணை எழுதச் சொல்வதும் இதற்காகத்தான். சிதறல் விசைத் திருத்தம் சேர்த்தீர்களா இல்லையா என்பதையும் கூடவே எழுதுங்கள்.

டாக்கிங்: எண்ணை நம்பும் முன்

நம் பகுதியில் இப்போது அதிகம் நடக்கும் கணினி வேலை டாக்கிங்தான். ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் உருவாகி 2010-இல் கட்டுரையாக வந்த ஆட்டோடாக் வினா இலவசம், வேகம், எளிமை. அதனாலேயே தவறாகவும் அதிகம் பயன்படுகிறது.

டெரோஸ்டில்பீனை அழற்சி தொடர்பான காக்ஸ்-2 நொதியில் பொருத்திப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புரத அமைப்பு 1971 முதல் இயங்கும் புரதத் தரவு வங்கியில் கிடைக்கும். 3எல்என்1 என்ற அமைப்பை எடுத்தால் அதில் சுண்டெலியின் காக்ஸ்-2 நொதியோடு செலகாக்ஸிப் மருந்து ஒட்டியிருக்கும். உங்கள் மூலக்கூறைத் தொடும் முன் அந்தச் செலகாக்ஸிபைக் கழற்றி, வினாவைக் கொண்டு அதை அதே இடத்தில் திரும்பப் பொருத்திப் பாருங்கள். படிகத்தில் இருந்த நிலைக்கும் வினா சொல்லும் நிலைக்கும் இடையே ஆர்எம்எஸ்டி 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் உங்கள் பெட்டியும் அமைப்பும் சரி. வராவிட்டால் டெரோஸ்டில்பீனுக்கு வரும் எந்த எண்ணுக்கும் மதிப்பில்லை. ஆர்எம்எஸ்டி கணக்கிடும்போது சமச்சீரைக் கணக்கில் கொள்ளும் கருவியைப் பயன்படுத்துங்கள். ஓப்பன் பேபலோடு வரும் ஓபிஆர்எம்எஸ் அதைச் செய்யும். இல்லாவிட்டால் வளையம் அப்படியே புரண்டு நிற்பதைக்கூடப் பெரிய வித்தியாசம் என்று காட்டும்.

அடுத்தது எண். மைனஸ் 8.1, மைனஸ் 8.4 என்று இரண்டு சேர்மங்களுக்கு வந்தால் இரண்டாவது "சிறந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். வினாவை உருவாக்கியவர்களே தங்கள் கட்டுரையில் கொடுத்த திட்டப் பிழை ஒரு மோலுக்கு 2.85 கிலோகலோரி. அதற்கு முன்னால் 0.3 ஒரு வித்தியாசமே இல்லை. டாக்கிங்கால் எந்தச் சேர்மங்களை முதலில் சோதிக்கலாம் என்று யோசனை சொல்ல முடியும். மருந்தாகுமா என்று அதனால் சொல்ல முடியாது. சோதனைக்குழாய் வேலை ஏதும் இல்லாமல் டாக்கிங் மட்டும் வைத்து "சக்திவாய்ந்த தடுப்பான்" என்று தலைப்பு வைக்காதீர்கள். நல்ல ரிவியூவர் முதலில் கேட்பது அதைத்தான்.

வினா ஒவ்வொரு முறையும் தற்செயல் எண்ணிலிருந்து தொடங்குவதால் பதில் சற்று மாறும். எந்த சீட் எண், எவ்வளவு எக்ஸாஸ்டிவ்னஸ், பெட்டியின் மையம் எங்கே, அளவு என்ன என்பதைக் கட்டாயம் எழுதிவையுங்கள். எக்ஸாஸ்டிவ்னஸ் இயல்பாக 8. ஆய்வுக்கு 32 வரை ஏற்றிப் பாருங்கள். பதில் நிலைத்து நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஸ்பெக்ட்ரம் வாங்கும்போது

கம்ப்யூட்டரில் உட்காராத, முழுக்க ஃபியூம்ஹுட்டில் வேலை செய்கிறவர்களுக்கும் திறந்த கோப்பு என்ற விதி பொருந்தும். என்எம்ஆர் வசதி இல்லாத கல்லூரிகள் சாம்பிளை வெளியே அனுப்புகின்றன; சென்னை ஐஐடியில் உள்ள சைஃப் மையம் அப்படி வெளி மாணவர்களுக்கும் சேவை செய்யும் இடம். அனுப்பும்போதே ஒன்று கேட்டு வாங்குங்கள்: அச்சிட்ட தாளோ பிடிஎஃப்போ போதாது, எஃப்ஐடி உள்ள மூலக் கோப்புறை முழுவதும் வேண்டும்.

அது கையில் இருந்தால் என்எம்ஆரியம் என்ற திறந்த வலைக்கருவியில் கோப்புறையை அப்படியே இழுத்துப் போட்டு நீங்களே ஃபேஸ் சரிசெய்யலாம், இன்டக்ரேஷன் போடலாம், பீக்கைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். டெரோஸ்டில்பீனின் புரோட்டான் ஸ்பெக்ட்ரத்தில் 3.8 பிபிஎம் அருகே ஆறு புரோட்டான்களுக்கு ஒரே சிங்லெட். அது இரண்டு மெத்தாக்ஸிகளும் சமம் என்று சொல்லும். நடுவே உள்ள இரட்டைப் பிணைப்பின் இரண்டு புரோட்டான்கள் ஒன்றையொன்று பிளக்கும் இடைவெளியை அளந்தால் சுமார் 16 ஹெர்ட்ஸ் வரும். சிஸ் வடிவமாக இருந்தால் அது கணிசமாகக் குறைந்திருக்கும். முன்பு ஸ்மைல்ஸ் வரியில் பார்த்த சாய்கோடு உண்மையா என்பதற்கு இயற்கை தரும் பதில் அந்த 16 ஹெர்ட்ஸ். மங்கலான அச்சுத் தாளில் இதை அளக்க முடியாது.

எல்சி-எம்எஸ் தரவுக்கும் இதே விதி. கருவி நிறுவனத்தின் சொந்த வடிவத்தில் மட்டும் வாங்காதீர்கள். புரோட்டியோவிசார்டில் உள்ள எம்எஸ்கன்வெர்ட் மூலம் எம்இசட்எம்எல் வடிவுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அதை எம்இசட்மைனில் திறக்கலாம். மூலிகைச் சாறு என்றால் ஜிஎன்பிஎஸ் தளத்தில் மற்றவர்கள் பதிவு செய்த ஸ்பெக்ட்ரங்களோடு ஒப்பிடலாம்.

வலைக்கருவியில் எதை ஒட்டக்கூடாது

வலைக்கருவிகள் பெரிய வரம். நிறுவ வேண்டாம், கட்டளை தெரிய வேண்டாம். ஆனால் நீங்களே புதிதாகத் தயாரித்து, பேட்டன்ட்டுக்கு யோசித்துக்கொண்டிருக்கும் சேர்மத்தை எந்தப் பொதுத் தளத்திலும் ஒட்டாதீர்கள். அங்கே போனபின் அது யார் கணினியில், எவ்வளவு காலம் இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. டெரோஸ்டில்பீன் போல எல்லோருக்கும் தெரிந்த சேர்மத்துக்கு இந்தக் கவலை இல்லை.

லிபின்ஸ்கி விதி, துருவப் பரப்பு, கொழுப்பில் கரையும் தன்மை போன்ற பலவற்றை ஆர்டிகிட்டில் பத்து வரி நிரலில் உங்கள் கணினியிலேயே கணக்கிட்டுவிடலாம். லாக்-பி மதிப்பு மட்டும் சூத்திரத்துக்குச் சூத்திரம் மாறும் என்பதால் எந்த முறை என்று எழுதுங்கள். வலைக்கருவியே பயன்படுத்தினால் எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று குறித்து, கிடைத்த பதிலைக் கோப்பாகச் சேமியுங்கள். நாளை தளம் மாறலாம், மூடப்படலாம்.

நிறுவுவதும் பதிந்துவைப்பதும்

விண்டோஸ் கணினியாக இருந்தாலும் உள்ளேயே டபிள்யூஎஸ்எல் போட்டு உபுண்டு ஓட்டுங்கள். வேதியியல் நிரல்களில் பெரும்பாலானவை லினக்ஸில்தான் வம்பில்லாமல் நிற்கும். நிரல்களை மினிஃபோர்ஜ் வழியாக நிறுவுங்கள். அனகோண்டா நிறுவனத்தின் இயல்பான தொகுப்புக் களஞ்சியத்துக்குப் பெரிய நிறுவனங்கள் கட்டணம் செலுத்தும் நிபந்தனை உண்டு. மினிஃபோர்ஜ் சமூகம் நடத்தும் கோண்டா-ஃபோர்ஜிலிருந்து எடுப்பதால் அந்தக் கேள்வியே எழாது. ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் தனிச் சூழல் உருவாக்கி, அதன் பட்டியலை ஒரு கோப்பாக வெளியே எடுத்து வையுங்கள். இன்னொரு கணினியில் அதே பதிப்புகளைத் திரும்ப நிறுவ அந்த ஒரு கோப்பு போதும்.

லேப்டாப்பே இல்லாதவர்கள் கூகுள் கோலாபில் ஆர்டிகிட்டையும் வினாவையும் ஓட்டலாம். இணைப்பு அறுந்தால் உள்ளே இருப்பது போய்விடும் என்பதால் பதில்களை உடனுக்குடன் டிரைவில் சேமிக்க வேண்டும். கரண்ட் போகும் இடத்தில் குரோமாக்ஸ் ஓட்டுகிறவர்கள் செக்பாயின்ட் கோப்பைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். இயல்பாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை அது எழுதப்படும், அங்கிருந்தே கணக்கைத் தொடரலாம்.

முடிந்த வேலையை எங்கே வைப்பது? செர்ன் நடத்தும் ஜெனோடோவில் கோப்புகளை இலவசமாகப் பதிவேற்றினால் மேற்கோள் காட்டத்தக்க டிஓஐ எண் கிடைக்கும். இன்புட் கோப்பு, அவுட்புட் கோப்பு, எஸ்டிஎஃப், எஃப்ஐடி, சூழல் பட்டியல், இவற்றை விளக்கி அரைப்பக்கக் குறிப்பு. இவ்வளவு போட்டால் உங்கள் ஆய்வேட்டின் பின்னிணைப்பு என்றைக்கும் திறந்தே இருக்கும்.

எங்கே இன்னும் குறை இருக்கிறது

திறந்த கருவிகளால் எல்லாம் முடியும் என்று சொன்னால் அது உண்மையாகாது. வினைகளைத் தேடுவதில் சைஃபைண்டர், ரியாக்ஸிஸ் அளவுக்கு நிற்கும் திறந்த தளம் இல்லை. அதற்குச் சந்தா உள்ள பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் உட்கார்ந்து தேட வேண்டியதுதான். கட்டுரைகளைப் பொறுத்தவரை 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 'ஒரு நாடு ஒரு சந்தா' திட்டம் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களைத் திறந்துவிட்டது. அரசுக் கல்லூரி மாணவர் என்றால் உங்கள் கல்லூரி அதில் பதிவு செய்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். தனியார் கல்லூரியில் இருப்பவர்கள் கெம்ஆர்க்சிவ், ஐரோப்பா பிஎம்சி தளங்களில் தேடுங்கள். கட்டுரை எழுதியவருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டாலும் பலர் அனுப்பிவைப்பார்கள்.

கைடுகளுக்கு ஒரு வார்த்தை

இந்தக் கருவிகளில் சில, யாரோ சம்பளம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து எழுதியவை. 2005-இல் பீட்டர் மரே-ரஸ்ட் உள்ளிட்ட சில வேதியியலாளர்கள் 'நீலத் தூண்' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து, தரவும் நிரலும் தரமுறையும் திறந்திருக்க வேண்டும் என்று வேலை செய்தார்கள். ஓப்பன் பேபல், ஜேமால், சிடிகே எல்லாம் அந்த வட்டத்தோடு சேர்ந்தவை. இந்தியாவில் சிஎஸ்ஐஆர் 2008-இல் காசநோய்க்காகத் தொடங்கிய திறந்த மூல மருந்து ஆராய்ச்சித் திட்டத்தில் ஏராளமான கல்லூரி மாணவர்கள் தன்னார்வமாகப் பங்கெடுத்தார்கள். நம் ஊர் மாணவர்களும் வெறும் பயனாளிகளாக நிற்க வேண்டியதில்லை.

துறைத் தலைவர்களும் கைடுகளும் செய்ய வேண்டியது அதிகமில்லை. எம்.எஸ்சி. முதல் செமஸ்டரில் ஒரு பிராக்டிகலை கெட்சர், அவோகாட்ரோ, ஆர்டிகிட்டுக்கு ஒதுக்குங்கள். மாணவர் எடுத்துவரும் முடிவோடு மூலக் கோப்பையும் கேளுங்கள். கோப்பு இல்லாத முடிவை ஏற்காதீர்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கும்போது பைண்டிங் செய்த நகலோடு எல்லாக் கோப்புகளும் உள்ள கோப்புறையும் துறையில் இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். இதற்குத் துறைக்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் அடுத்து வரும் மாணவர் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. முன்னவர் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்குவார்.

மாணவர்களுக்கு இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. நீங்கள் இப்போது ஆராயும் சேர்மங்கள் எல்லாவற்றையும் ஒரே எஸ்டிஎஃப் கோப்பில் சேருங்கள். ஒவ்வொன்றின் இன்ச்சி-கீயையும் பப்கெமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பப்கெமில் இல்லாத புதிய சேர்மத்துக்கு உங்கள் நோட்டில் வரைந்த அமைப்போடு ஒப்பிடுங்கள். எங்காவது பொருந்தாமல் போனால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அதை முதலில் சரிசெய்யுங்கள். அது முடிந்த பிறகு எந்த மென்பொருள் வேண்டும் என்று தேடலாம்.